நுரை அம்புத் துப்பாக்கி வாங்கும் முன்: குழந்தையின் கண்ணைக் காக்கும் தேர்வு

பிறந்த நாளுக்கும் பண்டிகை நாள்களுக்கும் குழந்தைகள் விரும்பிக் கேட்கும் விளையாட்டுப் பொருள்களுள் நுரை அம்புத் துப்பாக்கியும் ஒன்று. பேச்சு வழக்கில் பலரும் இதனை ‘நெர்ஃப் கன்’ என்பர். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். அதே வகைப் பொம்மைகளை வேறு பல நிறுவனங்களும் தயாரிக்கின்றன. ஸ்பாஞ்சு போன்ற மென்மையான நுரையால் ஆன அம்பு என்பதால், அது மேலே பட்டாலும் ஒன்றும் ஆகாது என்றே பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். கை, கால், முதுகு ஆகியவற்றைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. கண்ணைப் பொறுத்தவரை அது சரியன்று.

குழந்தைகள் ஓடியாடி விளையாடுவதற்கு இப்பொம்மை நன்கு உதவுகிறது. எனவே இதனை வாங்கவே கூடாது என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும், எவ்வாறு விளையாட வேண்டும், கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பனவற்றைப் பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிந்துகொள்ளும் வகையில் இக்கட்டுரை விளக்குகிறது.

முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டியவை

• அம்பு மென்மையானது என்பது மட்டும் கண்ணுக்குப் பாதுகாப்பு ஆகாது. அம்பின் வேகமும் முனையின் தன்மையுமே பாதிப்பைத் தீர்மானிக்கின்றன.
• குழந்தையின் வயதுக்கு ஏற்ற, ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற பொம்மையையே வாங்குங்கள்.
• பொம்மை வாங்கும் அன்றே, விளையாடும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்குங்கள்.
• கண்ணில் அடிபட்டபின் பார்வை மங்கினாலோ, வலி நீடித்தாலோ, கண்ணுக்குள் இரத்தம் தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வலி குறைந்துவிட்டது என்று காத்திருக்க வேண்டா.

இப்பொம்மை எவ்வாறு இயங்குகிறது?

நுரை அம்புத் துப்பாக்கிகளில் பொதுவாக இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகையில், பிடியை இழுத்ததும் உள்ளே உள்ள சுருள்வில் இறுகுகிறது. விசையை அழுத்தியதும் வில் விடுபட்டு ஒரு தண்டை முன்னே தள்ளுகிறது. தண்டின் முன்னால் அடைபட்ட காற்று அம்பை வெளியே தள்ளுகிறது. இரண்டாம் வகையில், மின்கலத்தால் இயங்கும் இரண்டு சிறு சக்கரங்கள் வேகமாகச் சுழல்கின்றன. அவற்றுக்கு இடையே நுழையும் அம்பை அவை பிடித்து வெளியே வீசுகின்றன. இவ்வகையில் சில, விசையை விடும்வரை அடுத்தடுத்துப் பல அம்புகளை எய்யும்.

பரவலாகக் கிடைக்கும் நுரை அம்பு ஏறத்தாழ 7 செ.மீ. நீளமும், 13 மி.மீ. குறுக்களவும், 1 கிராம் எடையும் உடையது. அதன் முனையில் ரப்பர் போன்ற பொருளாலான சிறு தொப்பி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அம்பு காற்றில் நேராகச் செல்வதற்குத் தேவையான எடையைத் தருவது இத்தொப்பியே. கண்ணில் வந்து மோதுவதும் இத்தொப்பியே. அதாவது, கையால் அழுத்திப் பார்க்கும்போது நமக்குத் தெரியும் மென்மை அம்பின் உடலுக்கு உரியது. முனையின் தன்மை அதனின்றும் வேறானது.

மென்மையான அம்பு கண்ணைப் பாதிப்பது எப்படி?

நம் கண்ணைச் சுற்றி எலும்பாலான ஒரு குழி அரண்போல் அமைந்துள்ளது. பெரிய பந்து ஒன்று முகத்தில் பட்டால், அந்த எலும்பு விளிம்பு அடியின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். கண்குழியின் வாய் ஏறத்தாழ 4 செ.மீ. அகலம் உடையது. கண் உருண்டையின் குறுக்களவு சுமார் 24 மி.மீ. இவற்றோடு ஒப்பிட்டால் 13 மி.மீ. அம்பு மிகச் சிறியது. எனவே அது எலும்பு விளிம்பில் தடைபடாமல் உள்ளே புகுந்து, கண் உருண்டையின் மீதே மோதக்கூடும்.

மோதும் கணத்தில் கண் உருண்டை முன்னிருந்து பின்னாக அமுங்கி, பக்கவாட்டில் விரிகிறது. அதனால் கண்ணின் உட்பகுதிகள் இழுபடுகின்றன. ஐரிஸ் எனப்படும் நிறமுள்ள பகுதியிலும் அதன் வேர்ப்பகுதியிலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிழிந்தால், கார்னியாவுக்கும் ஐரிசுக்கும் இடையே உள்ள முன்னறையில் இரத்தம் தேங்கும். இதனை மருத்துவர்கள் ‘ஹைஃபீமா’ என்பர். கார்னியாவில் கீறல், விழி லென்சு இடம் பெயர்தல், பின்னாளில் கண்புரை, விழித்திரையில் வீக்கம் அல்லது கிழிசல் ஆகியவையும் இத்தகைய அடியால் ஏற்படலாம்.

2017ஆம் ஆண்டில், லண்டனில் உள்ள மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், நுரை அம்பு கண்ணில் பட்டுச் சிகிச்சைக்கு வந்த மூவரைப் பற்றி ‘பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் எழுதினர். அவர்களுள் ஒருவர் 11 வயதுச் சிறுவன். மற்ற இருவரும் பெரியவர்கள். மூவருக்கும் கண்ணின் முன்னறையில் இரத்தம் கசிந்திருந்தது. விளையாடும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிவது குறித்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அம்மருத்துவர்கள் எழுதினர். மலிவாகத் தனியே விற்கப்படும் மாற்று அம்புகளின் முனை கடினமாக இருப்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். இத்தகைய பாதிப்பு அரிதே. ஆயினும் சிறுவர், பெரியவர் என்ற வேறுபாடின்றி எவருக்கும் அது நேரலாம் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

வேகம் ஏன் முக்கியம்?

ஒரு பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 1 கிராம் எடையுள்ள அம்பு விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 0.2 ஜூல். அதே அம்பு விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் சென்றால் 0.8 ஜூல். அம்பு மாறவில்லை, அதன் மென்மையும் மாறவில்லை. ஆனால் கண்மீது விழும் அடி நான்கு மடங்காகிவிடுகிறது.

14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று விற்கப்படும் சில துப்பாக்கிகள் விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் எய்பவை. ஆகவே “எல்லாம் நுரைதானே” என்று கருதி, அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பியின் கையில் கொடுப்பது தவறு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. வயது வரம்பு

பெட்டியின்மீது அச்சிடப்பட்டுள்ள வயது வரம்பை முதலில் படியுங்கள். பெரும்பாலான நுரை அம்புத் துப்பாக்கிகளில் 8 வயதுக்கு மேல் என்று குறிக்கப்பட்டிருக்கும். சிறு பந்துகளை எய்பவையும் அதிவேகமானவையும் பெரும்பாலும் 14 வயதுக்கு மேல் என்று குறிக்கப்பட்டிருக்கும். இவ்வரம்பு குழந்தையின் அறிவுத்திறனை அளப்பதற்காக இடப்பட்டதன்று. “என் குழந்தை கெட்டிக்காரன், அவனுக்குப் புரியும்” என்பது இங்குப் பொருந்தாது. முகத்தை நோக்கி எய்யக் கூடாது என்ற விதியை விளையாட்டின் வேகத்திலும் மறவாமல் இருக்கும் முதிர்ச்சி இங்குத் தேவைப்படுகிறது. வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், அம்புகளை அக்குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க இயலுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

2. ஐஎஸ்ஐ முத்திரை

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகள் ஐஎஸ்ஐ முத்திரை பெற்றிருப்பது கட்டாயம். வெளிநாட்டில் தயாரித்து இங்கு விற்கப்படும் பொம்மைகளுக்கும் இது பொருந்தும். சாதாரணப் பொம்மைகளுக்கு ஐஎஸ் 9873 என்ற தரநிலையும், மின்சாரம் அல்லது மின்கலத்தால் இயங்குபவற்றுக்கு ஐஎஸ் 15644 என்ற தரநிலையும் உள்ளன. எய்யும் பொம்மைகள் குழந்தைக்குக் காயம் விளைவிக்காமல் இருப்பதற்கான விதிகள் ஐஎஸ் 9873 தரநிலையின் முதல் பகுதியில் அடங்கும்.

முத்திரையின் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைப் பதிந்து, உரிமம் உண்மையானதா என்று நீங்களே பார்க்கலாம். 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று குறிக்கப்பட்டவை இக்கட்டாயத்தின் கீழ் வாரா. அதனாலும் அவற்றைச் சிறுவருக்கு வாங்கக் கூடாது.

3. அம்பின் முனை

முனைத் தொப்பியை விரல்களுக்கு இடையே வைத்து அழுத்துங்கள். அது எளிதில் நசுங்கி, மீண்டும் பழைய வடிவத்திற்கு வர வேண்டும். கல்போல் கெட்டியாகவோ, விளிம்பு கூர்மையாகவோ இருந்தால் வாங்க வேண்டா. தொப்பியை மெல்ல இழுத்துப் பாருங்கள். அது நுரையிலிருந்து கழன்று வரக் கூடாது. கழன்ற தொப்பி சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம்.

சுவரிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு முனை கொண்ட, மிருதுவான பிளாஸ்டிக் அம்புகளில் மற்றோர் ஆபத்து உண்டு. குழந்தைகள் அடுத்த அம்பைப் பொருத்தும்போது, கையில் உள்ளதை வாயில் கவ்விக்கொள்வது வழக்கம். அவ்வாறு வாயில் வைத்த அம்பு மூச்சுக்குழாயின் வாயை அடைத்துவிடலாம். பத்து வயதை ஒட்டிய சிறுவர்களும் இவ்வாறு உயிரிழந்திருப்பதால், அமெரிக்காவில் இத்தகைய பொம்மைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டுள்ளன. ஆகவே மூச்சடைப்பு கைக்குழந்தைகளுக்கு மட்டுமே உரிய ஆபத்து என்று எண்ண வேண்டா. அம்பை வாயில் வைக்கக் கூடாது என்பதை எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் சொல்லுங்கள்.

4. இயக்கும் முறை

ஒவ்வொரு முறையும் பிடியை இழுத்து ஓர் அம்பை மட்டும் எய்யும் சுருள்வில் வகை, முதன்முறை விளையாடும் குழந்தைக்கு ஏற்றது. ஒரு முறை எய்தபின் சற்று நிற்க வேண்டியிருப்பதால், எங்கே எய்கிறோம் என்று பார்க்கக் குழந்தைக்கு நேரம் கிடைக்கிறது. அடுத்தடுத்துத் தானே எய்யும் வகையில் அந்த இடைவெளி இல்லை. கடையில் குழந்தையின் கையிலேயே கொடுத்து, பிடியை இழுக்கச் சொல்லுங்கள். இழுக்க முடியாத குழந்தை, துப்பாக்கியின் வாயை முகத்தின் பக்கமாகவோ வயிற்றின் மீதோ வைத்து அழுத்த முற்படும். அவ்வாறானால் அந்த அளவு அக்குழந்தைக்குப் பொருந்தாது.

5. மின்கலமும் ஒலியும்

மின்கல அறையின் மூடி திருகால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒளிரும் இலக்குப் பலகைகளிலும் விளக்குகளிலும் பொத்தான் மின்கலம் இருக்கக்கூடும். அதனை விழுங்கினால் உணவுக்குழாயில் சில மணி நேரத்திலேயே கடும் புண் ஏற்படும். அது உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலை. சக்கர வகைத் துப்பாக்கிகள் இரைச்சல் மிக்கவை. அவற்றைக் காதருகே வைத்து இயக்க வேண்டா.

தவிர்க்க வேண்டியவை

திருவிழாக் கடைகளிலும் சாலையோரக் கடைகளிலும் விற்கப்படும், சிறிய பிளாஸ்டிக் குண்டுகளை எய்யும் துப்பாக்கிகள் நுரை அம்புத் துப்பாக்கிகளோடு ஒன்றாகவே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இவை இரண்டும் ஒன்றல்ல. அக்குண்டு 6 மி.மீ. அளவே உடையது, கெட்டியானது. அடியின் ஆற்றல் முழுவதும் மிகச் சிறிய பரப்பில் குவிவதால், அது கண்ணின் உட்பகுதிகளைக் கடுமையாகச் சேதப்படுத்தி, பார்வையையே பறிக்கக்கூடும். குழந்தைகளுக்கு இதனை வாங்கவே வேண்டா. நீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் உருண்டைகளை எய்பவையும் சிறுவருக்கு ஏற்றவையல்ல. ஊறாத ஜெல் உருண்டையை விழுங்கினால் அது குடலில் பெருத்து அடைப்பை உண்டாக்கும்.

மேலும், கீழ்க்கண்டவற்றைச் செய்யாதீர்கள். குழந்தைகள் செய்வதையும் அனுமதிக்காதீர்கள்.

• வேகத்தைக் கூட்டுவதற்காகச் சுருள்வில்லையோ மோட்டாரையோ மாற்றுதல்.
• பெட்டியில் வந்த அம்புகளை விடுத்துப் பென்சில், குச்சி, கல், வேறு துப்பாக்கிக்கு உரிய அம்பு ஆகியவற்றை நுழைத்து எய்தல்.
• அம்பின் முனையில் குண்டூசி, ஆணி, பசைநாடா முதலியவற்றைப் பொருத்துதல்.
• முனை கழன்ற, கிழிந்த, மண் ஒட்டிய அம்புகளைத் தொடர்ந்து பயன்படுத்துதல்.

பாதுகாப்புக் கண்ணாடி

நுரை அம்பு விளையாட்டில் கண்ணைக் காக்கும் சிறந்த வழி, கண்ணாடி அணிவதே. பாலிகார்பனேட் என்னும் உடையாத பிளாஸ்டிக்கால் ஆனதும், பக்கவாட்டிலும் மறைப்பு உடையதுமான கண்ணாடியை வாங்குங்கள். பாதுகாப்புக் கருவிகள் விற்கும் கடைகளிலும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் இது கிடைக்கும். ‘இசட் 87’ அல்லது ‘ஈஎன் 166’ என்ற குறி அதன் சட்டத்தில் இருந்தால், அது மோதலைத் தாங்குமாறு சோதிக்கப்பட்டது என்று பொருள். குழந்தையின் முகத்தில் நழுவாமல் நிற்கிறதா என்று அணிவித்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் ஓடும்போது குழந்தை அதனைக் கழற்றி எறிந்துவிடும்.

அன்றாடம் அணியும் மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. அதன் வில்லை உடைந்தால் சில்லுகளே கண்ணைக் காயப்படுத்தும். மூக்குக் கண்ணாடி அணியும் குழந்தைக்கு, அதன்மேல் பொருந்தும் அகலமான பாதுகாப்புக் கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். நீச்சல் கண்ணாடியும் வெயில் கண்ணாடியும் இதற்குப் பயன்படா.

விளையாடுபவர் மட்டுமன்றி, அருகில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். அல்லது விலகி இருக்க வேண்டும்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

உங்கள் வீட்டில் கீழ்க்கண்டவர்களுள் எவரேனும் இருந்தால், மனிதரை நோக்கி எய்யும் விளையாட்டைத் தவிர்த்து, சுவரில் ஒட்டிய இலக்கை நோக்கி எய்யும் விளையாட்டை மட்டும் அனுமதியுங்கள். அவர்கள் தாமே விளையாட விரும்பினால், முதலில் அவர்களுடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

• அண்மையில் கண்புரை அல்லது வேறு கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வீட்டில் ஓய்வெடுக்கும் தாத்தா, பாட்டி விளையாட்டில் சேராவிட்டாலும், குறி தவறிய அம்பு அவர்கள்மீது படலாம்.
• கார்னியா மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தையல் போட்ட இடம் பல ஆண்டுகள் கழிந்தும் அடியால் பிரியக்கூடும்.
• கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்.
• அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர், விழித்திரை விலகலுக்குச் சிகிச்சை பெற்றவர்.
• ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர். இவர்களுக்கு அந்தக் கண்ணே முழுப் பார்வை. எனவே எந்த விளையாட்டிலும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.
• ஹீமோஃபீலியா போன்ற இரத்தம் உறையாமை நோய் உள்ளவர், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவர்.
• அரிவாள் செல் நோய் உள்ளவர். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்நோய் காணப்படுகிறது. இந்நோய் உள்ளவருக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தால், சிறிதளவு கசிவும் பார்வை நரம்பைப் பாதிக்கலாம். சிகிச்சைக்குச் செல்லும்போது இந்நோய் இருப்பதை முதலிலேயே மருத்துவரிடம் கூறுங்கள்.

திடீர் ஒலியைத் தாங்க இயலாத குழந்தைகளுக்கு, எடுத்துக்காட்டாக ஆட்டிசம் உள்ள சிலருக்கு, இரைச்சல் குறைந்த சுருள்வில் வகையே உகந்தது. கைத்தசை வலிமை குறைந்த குழந்தைகளுக்கு மெல்லிய வில் உள்ள சிறு துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

விதிகள் சிலவாகவும் எளியனவாகவும் இருந்தால் குழந்தைகள் அவற்றை மறவார். பின்வரும் ஐந்தும் போதுமானவை.

• கண்ணாடி இல்லையேல் விளையாட்டு இல்லை.
• முகத்தையும் தலையையும் நோக்கி எய்யக் கூடாது.
• மிக அருகில் நின்று எய்யக் கூடாது.
• துப்பாக்கியின் வாய்க்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அம்பு சிக்கிக்கொண்டால் பெரியவரிடம் கொடுக்க வேண்டும்.
• ஒருவர் “நிறுத்து” என்றால் எல்லோரும் உடனே நிறுத்த வேண்டும்.

இவ்விதிகளை விளையாட்டில் சேரும் பெரியவர்களும் பின்பற்ற வேண்டும். அப்பா கண்ணாடி அணியாமல் ஆடினால் குழந்தையும் அணியாது. விளையாட்டு முடிந்ததும் அம்புகளை எண்ணிப் பெட்டியில் இடுங்கள். கட்டிலுக்கு அடியிலோ நாற்காலியின் இடுக்கிலோ கிடக்கும் ஓர் அம்பு, தவழும் குழந்தையின் வாய்க்குச் சென்றுவிடலாம்.

கண்ணில் அம்பு பட்டுவிட்டால்

முதலில் செய்ய வேண்டியவை

• விளையாட்டை நிறுத்தி, குழந்தையை உட்கார வையுங்கள். பயமுறுத்தவோ திட்டவோ செய்யாதீர்கள். திட்டுக்கு அஞ்சும் குழந்தை வலியையும் பார்வை மங்கலையும் மறைத்துவிடும்.
• கண்ணைக் கசக்க விடாதீர்கள்.
• நல்ல வெளிச்சத்தில், இமையை அழுத்தாமல், இரு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.
• அடிபடாத கண்ணை மூடச் செய்து, சுவரில் உள்ள நாள்காட்டியின் எழுத்துகள் தெரிகின்றனவா என்று கேளுங்கள்.
• மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், சுத்தமான காகிதக் குவளையின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாதவாறு எலும்பு விளிம்பின்மீது வைத்து ஒட்டுங்கள். தலையை உயர்த்தி வைத்தவாறு அழைத்துச் செல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

• கண்ணை அழுத்துதல், இறுக்கிக் கட்டுதல், சூடான ஒத்தடம் கொடுத்தல்.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், மூலிகைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுதல்.
• வீட்டில் மீதமிருக்கும் பழைய கண் சொட்டு மருந்தை இடுதல். சில மருந்துகள் நிலைமையை மோசமாக்கும்.
• வலிக்கு ஆஸ்பிரின் அல்லது இப்யூப்ரோஃபென் கொடுத்தல். இவை இரத்தக் கசிவை அதிகரிக்கலாம். தேவையானால் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம்.
• கண்ணில் ஏதேனும் குத்தி நின்றால் அதனைப் பிடுங்குதல். அந்நிலையில் கண்ணைக் கழுவவும் கூடாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவும் நீரும் கொடுக்க வேண்டா.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• பார்வை மங்கல், பார்வையில் திரையிட்டாற்போன்ற மறைப்பு, மின்னல் கீற்றுகள், கரும்புள்ளிகள் மிதத்தல்.
• ஐரிசின் முன்னால் சிவப்பு அடுக்கு தேங்கியிருத்தல்.
• இரு கண்களின் பாவைகளும் ஒரே அளவில் இல்லாமை, அல்லது பாவை வட்டமாக இல்லாமல் கோணலாக இருத்தல்.
• வெளிச்சத்தைக் காண இயலாமை, குறையாத வலி.
• பொருள்கள் இரண்டாகத் தெரிதல், கண்ணை மேலே உருட்ட இயலாமை.
• அடிபட்டபின் வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம்.

இவற்றுள் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டா. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள கண் பிரிவுக்குச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழையுங்கள். தமிழ்நாட்டில் உள்ளோர் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

மருத்துவமனையில் என்ன செய்வர்?

மருத்துவர் முதலில் பார்வைத் திறனை அளப்பார். பின்னர் பிளவு விளக்கு என்னும் கருவியால் கண்ணின் முன்பகுதியை ஆராய்வார். கண்ணின் அழுத்தத்தையும் அளப்பார். தேவைப்பட்டால் சொட்டு மருந்து இட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பார்ப்பார். அம்மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டா.

முன்னறையில் இரத்தம் தேங்கியிருந்தால், பெரும்பாலோருக்கு அது சில நாள்களில் தானே வற்றிவிடும். அதுவரை குழந்தை ஓடாமல், குனியாமல் ஓய்வாக இருக்க வேண்டும். தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்தி உறங்க வேண்டும். மருத்துவர் கொடுத்த கவசத்தை அணிய வேண்டும். அடிபட்ட முதல் ஐந்து நாள்களில் மீண்டும் இரத்தம் கசியும் வாய்ப்பு மிகுதி. இரண்டாம் கசிவு முதல் கசிவினும் கடுமையாக இருக்கலாம். ஆதலால், குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அந்நாள்களில் பள்ளிக்கு விளையாட அனுப்பவோ, மறுபரிசோதனையைத் தவிர்க்கவோ கூடாது.

இரத்தம் வற்றியபின்னும் கவனம் தேவை. அடியால் கண்ணின் நீர் வடியும் கோணம் சேதமடைந்திருந்தால், கிளாகோமா என்னும் கண் அழுத்த நோய் பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். தொடக்கத்தில் இந்நோய்க்கு வலியோ வேறு அறிகுறியோ இராது. எனவே, மருத்துவர் கூறினால் ஆண்டுக்கு ஒரு முறை கண் அழுத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுவயதில் கண்ணில் பலத்த அடிபட்டது என்பதைக் குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

அடிபட்டவுடன் அழுத குழந்தை, சிறிது நேரத்தில் மீண்டும் விளையாடத் தொடங்கிவிட்டது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

முதல் வலி சில நிமிடங்களில் குறைவது இயல்பே. வலி குறைந்தது என்பதால் உள்ளே கசிவு இல்லை என்று கொள்ள முடியாது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்வையைச் சோதியுங்கள். சிறு குழந்தையால் தன் பார்வையைப் பற்றிச் சொல்ல இயலாது. எனவே கண் உருண்டையின் மீதே அம்பு பட்டது என்று தெரிந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

எவ்வளவு தூரத்திலிருந்து எய்தால் கண்ணுக்கு ஆபத்து இல்லை?

அம்பு எடை குறைந்ததாகையால், தூரம் கூடக் கூட அதன் வேகம் குறையும். ஆயினும் கண்ணாடி அணியாத கண்ணுக்கு முழுப் பாதுகாப்புத் தரும் தூரம் என்று ஒன்றைக் குறிப்பிட இயலாது. ஓடும் குழந்தைகளிடையே தூரம் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும்.

அம்புகள் தொலைந்துவிட்டன. வேறு நிறுவனத்தின் மலிவான அம்புகளை வாங்கலாமா?

துப்பாக்கியைத் தயாரித்த நிறுவனமே அதற்கென விற்கும் அம்புகளை வாங்குங்கள். விலைக் குறைவுக்காக முனை கெட்டியான அம்பை வாங்கினால், பாதுகாப்பான துப்பாக்கியும் பாதுகாப்பை இழந்துவிடும்.

முடிவாக

பொம்மைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஒதுக்குங்கள். இரண்டுக்கும் பணம் போதவில்லையெனில், சிறிய துப்பாக்கியாகப் பார்த்து வாங்கி, கண்ணாடியையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, கண்ணாடியை அணிந்தபின்னரே துப்பாக்கியைக் கையில் எடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துங்கள்.

இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. உங்கள் குழந்தையின் உடல்நிலைக்கு ஏற்ற அறிவுரைக்கும் சிகிச்சைக்கும் மருத்துவரையே அணுகவும்.